நெல்லைச் சீமையில் மூத்த மரம் பார்க்கப் போகிறவர்களுக்கு

வயதான மரம் ஒன்றைப் பார்க்கப் போகிறவர்கள் நேராக அதன் மூட்டுக்கு, அதாவது அடிமரத்துக்கு, போய்விடுகிறார்கள். கையை வைத்து, அண்ணாந்து பார்த்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். மரத்தின் பெருமை அதில் தெரியும், உடல்நிலை தெரியாது. உடல்நிலை தெரிய வேண்டுமென்றால் இருபது மீட்டர் தள்ளியே நின்று தரையைப் பார்க்க வேண்டும். மண் பொலபொலவென்று சருகு மூடிக் கிடக்கிறதா, வண்டி ஏறி இறுகிக் கிடக்கிறதா, சிமெண்டுத் தளம் போட்டிருக்கிறார்களா, மழைத் தண்ணீர் உள்ளே இறங்குமா, வழிந்து ஓடிவிடுமா. இந்த நாலு கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டால் மரத்துக்கு இன்னும் எத்தனை காலம் என்பது பாதி புரிந்துவிடும். நம் ஊர்ப் பெரிய மரங்களைக் கோடரி கொன்றது ஒரு பக்கம் என்றால், மரியாதை செய்கிறோம் என்று நினைத்துச் செய்த காரியங்கள் கொன்றது இன்னொரு பக்கம். இரண்டாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

மரத்தின் கிளைப்பரப்பு மேலே எப்படியோ அப்படியே வேர் கீழே இறங்கியிருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஆணிவேர் கன்றுப் பருவத்தில் முக்கியம். வளர்ந்த மரத்துக்குச் சாப்பாடும் தண்ணீரும் கொண்டுவருவது சல்லிவேர். அதில் பெரும்பகுதி மேல்மண்ணில், தரையிலிருந்து ஒன்றரை இரண்டு அடிக்குள்ளேயே இருக்கிறது. அகலத்தில் கொப்பு நுனியைத் தாண்டியும் வெகுதூரம் போகும். மரப் பராமரிப்பாளர்கள் வைத்திருக்கும் கணக்கு எளிது: அடிமரத்தின் விட்டத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு தூரத்தை ஆரமாக வைத்து ஒரு வட்டம் போட்டால், அதற்குள் இருக்கும் மண்ணைத் தொடக்கூடாது. விட்டம் ஒன்றரை மீட்டர் என்றால் 18 மீட்டர். விட்டம் கணக்கிடச் சோம்பலாக இருந்தால், சுற்றளவை ஏறக்குறைய நாலால் பெருக்கினாலும் அதே தூரம்தான் வரும். நம் கோயில் வாசல்களிலும் ஊர்ச் சாவடிகளிலும் 18 மீட்டர் வெற்று மண் விட்ட மரம் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம்.

மேடை விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். பழைய மேடைகள் கல்லை அடுக்கிக் கட்டியவை, இடுக்கில் தண்ணீரும் காற்றும் போகும். இப்போது கட்டுவது காங்கிரீட், மேலே டைல்ஸ். இன்னொரு தப்பு, மேடைக்குள் மண்ணைக் கொட்டி அடிமரத்தை இரண்டு மூன்றடிக்கு மூடிவிடுவது. அடிமரப் பட்டை காற்றில் இருக்கப் பிறந்தது, மண்ணுக்குள் இருக்க அல்ல. எப்போதும் ஈரம் பட்டுப் பட்டை அழுகும், பூஞ்சை ஏறும். ஐந்தாறு வருடம் கழித்து உச்சிக் கொப்புகள் காயத் தொடங்கும்போது மேடை கட்டியதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை, “வயசாயிட்டு” என்று சொல்லிவிடுவார்கள். மூடு விரிந்து வேராகப் பிரிகிற இடம் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். விளக்குக் கம்பம் நட்டதுபோல மரம் நேராகத் தரைக்குள் இறங்கினால், மண் ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மூட்டில் இன்னொன்றையும் தேட வேண்டும்: சிவப்பும் பழுப்புமாக வார்னிஷ் அடித்தாற்போலப் பளபளக்கும், தட்டுப் போலப் பக்கவாட்டில் நீளும் காளான். மழைக்குப் பின் எளிதில் தெரியும். அது வேரிலும் அடிமரத்திலும் அழுகல் இருப்பதற்கு அடையாளம். காளானைப் பறித்து எறிவதால் பயன் கிடையாது. பூஞ்சை உள்ளே இருக்கிறது, வெளியே நீட்டியிருப்பது அதன் காய்ப்புப் பகுதி மட்டும்தான். அப்படிப்பட்ட மரத்தடியில் காற்று நாளில் நிற்காமல் இருப்பது நல்லது.

வயதை அறிவது எப்படி

எல்லோரும் முதலில் கேட்பது வயது. எந்தப் பலகையிலும் முதலில் எழுதியிருப்பதும் அதுதான். உண்மையில் நம் சமவெளி மரங்களில் மிகக் கடினமான கேள்வி அது. குளிர் நாடுகளில் மரம் பனிக்காலத்தில் வளர்ச்சியை நிறுத்துவதால் ஆண்டுக்கு ஒரு வளையம் தெளிவாக விழுகிறது. இங்கே தேக்கு போன்ற ஒருசில மரங்களில்தான் நம்பி எண்ணக்கூடிய வளையம் உண்டு. புளி, ஆல், இலுப்பை இவற்றில் வளையத்தை எண்ணி வயது சொல்ல முடியாது. ஒரே ஆண்டில் இரண்டு மழை பெய்கிற சீமையில் வளர்ச்சி இருமுறை நின்று இருமுறை தொடங்கலாம். மலைமேல் பசுமைமாறாக் காட்டிலோ அது நிற்பதே இல்லை.

சரி, சுற்றளவை அளந்து ஆண்டுக்கு இவ்வளவு என்று வகுத்துவிடலாமே என்பார்கள். கன்னடியன் கால்வாய்க் கரையில் வருடம் முழுக்க ஈரத்தில் நிற்கிற மருதும், மானாவாரிக் குளத்துக் கரையில் நிற்கிற மருதும் ஒரே வேகத்தில் பருப்பதில்லை. ஒரே மரமும் இளமையில் வேகமாகவும் முதுமையில் மெதுவாகவும் பருக்கும். ஆகவே சுற்றளவு மரத்தின் அளவைச் சொல்லும், வயதைச் சொல்லாது. கட்டையில் மிச்சமிருக்கும் கதிரியக்கக் கார்பனை வைத்து வயது கணிக்கும் முறையிலும் ஒரு சிக்கல் உண்டு. மரத்தின் ஆகப் பழைய கட்டை நடுவில் இருக்கிறது. நடு பொந்தாகிப் போன மரத்தில் அந்தக் கட்டையே இல்லை. மிச்சமிருப்பதில் ஆகப் பழையதன் வயது கிடைக்கும். மரம் அதைவிட மூத்தது என்று மட்டும் சொல்லலாம்.

மரத்தின் வயது வேறு, இடத்தின் வயது வேறு என்பதையும் மனதில் வைக்க வேண்டும். குற்றாலத்துக் குறும்பலாவுக்குச் சம்பந்தர் தனிப்பதிகமே பாடியிருக்கிறார். ஆகவே அந்த இடத்தில் பலாவை வணங்கும் வழக்கம் ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கும் மேலானது. பலாவின் ஆயுள் அவ்வளவு நீளம் கிடையாது. ஒன்று பட்டால் அதன் இடத்தில் இன்னொன்று என்பதுதான் தலவிருட்சத்தின் வழி. நெல்லையப்பர் கோயிலின் மூங்கிலில் இது இன்னும் தெளிவு. மூங்கிலின் ஒவ்வொரு கழியும் சில ஆண்டுகளுக்குத்தான், தூறு மட்டும் தொடர்ந்து நிற்கும். பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை பூத்தால் தூறும் பட்டுப்போகும், விதையிலிருந்து மறுபடி எழும். இதில் எதை வயது என்று எண்ணுவது? கொல்கத்தா தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரத்தைப் பாருங்கள். பூஞ்சை பிடித்த அதன் தாய்த்தண்டை 1925-இல் வெட்டி எடுத்துவிட்டார்கள். விழுதுகளில் மரம் இன்றும் நிற்கிறது.

ஆழ்வார்திருநகரி உறங்காப்புளியை ஐயாயிரம் ஆண்டு என்பார்கள். நம்மாழ்வார் பதினாறு வயதுவரை அதன் பொந்தில் யோகத்தில் இருந்தார் என்பதும், மரம் ஆதிசேடன் அம்சம் என்பதும் வைணவ மரபு. அதைத் தராசில் வைக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் பார்க்கப் போகிறவர் ஒரு வேலை செய்துவிட்டுப் போகலாம். முந்தின நாள் சாயங்காலம் ஏதாவது ஒரு சாலையோரப் புளியைப் பாருங்கள். பொழுது சாயச் சாய எதிரெதிர் சிற்றிலைகள் ஒன்றோடொன்று ஒட்டி மடங்கும், காலையில் விரியும். இலைக்காம்பின் அடியில் இருக்கும் சின்ன மூட்டில் தண்ணீர் ஏறி இறங்குவதால் வரும் அசைவு அது. இதைக் கண்ணால் பார்த்தபிறகு கோயிலுக்குப் போனால்தான் உறங்காப்புளி என்ற பெயரின் கனம் பிடிபடும். திருநெல்வேலி–திருச்செந்தூர் ரயில் பாதையில் ஆழ்வார்திருநகரி நிலையம் இருக்கிறது. கோயிலுக்குள் இருக்கும் மரம் என்பதால் நடை திறக்கும் நேரம் பார்த்துப் போக வேண்டும், அளவு நாடாவோடு போகக் கூடாது.

நட்ட தேதி எழுதிவைத்திருக்கும் ஒரே இடம் தோட்டங்கள்தான். அதனால்தான் தாவரவியல் பூங்கா மரங்களுக்கு ஆய்வில் மதிப்பு. குற்றாலத்துக்கு இதில் பழைய உறவு உண்டு. 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் சாதிக்காய், கிராம்பு என்று வாசனைப் பயிர்களை இங்கே நட்டுப் பார்த்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் செங்கோட்டைப் பக்கம் இருக்கும் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று சாரலை இந்தப் பக்கம் தள்ளுவதால், சமவெளிக்கு இத்தனை அருகில் ஈரக் காட்டு மரங்களை வளர்க்க முடிந்தது. 1830களில் ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளர் செடி சேகரித்த இடங்களில் குற்றாலம் முக்கியமானது. சாரல் காலத்தில் அருவிக்குப் போகிற கூட்டத்தில் நூற்றில் ஒருவராவது அந்த மரங்களை நிமிர்ந்து பார்த்தால் நன்றாக இருக்கும்.

ஊர்ப்புறத்து மரத்துக்கு வேறு தடயங்கள் உண்டு. புறம்போக்கில் நிற்கும் மரத்தின் பலனை அனுபவிக்கக் கொடுக்கும் 2சி பட்டா, கிராம நிர்வாக அலுவலரின் கணக்கில் இருக்கும். சாலையோரப் புளிக்கு நெடுஞ்சாலைத் துறை மகசூல் ஏலம் விடும்போது வரிசை எண் எழுதியிருப்பார்கள். கல்யாண ஆல்பத்தில் பின்னணியாக நிற்கும் மரம்கூடச் சான்றுதான். இவற்றை வைத்து “அறுபதுகளிலேயே இது பெரிய மரம்” என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால், பலகையில் எழுதிய ஆயிரத்தைவிட அது மேல்.

அளப்பது

தையற்கார நாடா ஒன்றரை மீட்டர்தான், பெரிய மரத்துக்குப் பற்றாது. ஐந்து அல்லது பத்து மீட்டர் ஃபைபர் நாடா வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நீளாத நூல்கயிறு. தேங்காய்நார்க் கயிறு ஈரத்தில் ஒரு அளவு, வெயிலில் ஒரு அளவு காட்டும். நைலான் இழுத்தால் நீளும்.

தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், அதாவது நாலரை அடியில், சுற்றளவு எடுப்பது இந்திய வனத்துறை வழக்கம். சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப் பக்கத் தரையிலிருந்து நாலரை அடி. சாய்ந்த மரத்தில் நாடா தரைக்குப் படுகிடையாக அல்ல, தண்டுக்குக் குறுக்காக இருக்க வேண்டும். இருவர் வேண்டும், ஒருவர் மறுபக்கம் நாடா தொங்காமல் பார்த்துக்கொள்ள. அந்த உயரத்தில் முண்டு இருந்தால் அதற்குக் கொஞ்சம் மேலோ கீழோ, எங்கே எடுத்தோம் என்பதைக் குறித்துக்கொண்டு. நாலரை அடிக்குக் கீழேயே கவட்டை பிரிந்தால் கவட்டைக்குக் கீழ் ஒடுங்கிய இடத்தில். மலைமரங்களில் அடிமரத்திலிருந்து பலகைபோல விரியும் பலகை வேர் ஆளுயரத்துக்கு நிற்கும். அதைச் சுற்றி அளந்தால் இரண்டு மடங்கு பொய் வரும், பலகை முடிகிற இடத்துக்கு ஓரடி மேலே எடுக்க வேண்டும். ஆலமரத்தில் விழுதுகளைச் சேர்த்துச் சுற்றுவது நாளிதழ்ச் செய்திக்கு உதவும், வேறு எதற்கும் உதவாது. இரண்டு மரம் ஒட்டி ஒன்றானதை ஒரே மரமாக அளப்பதும் அடிக்கடி நடக்கிறது. மேலிருந்து கீழ்வரை பட்டை உள்வாங்கிய மடிப்பு ஒன்று ஓடுகிறதா என்று பாருங்கள். வந்த சுற்றளவை 3.14-ஆல் வகுத்தால் விட்டம்: 4.71 மீட்டர் என்றால் 1.5 மீட்டர்.

உயரத்துக்கு ஒரு கம்பு போதும். கையை நேரே நீட்டி, கண்ணுக்கும் கம்பைப் பிடித்து மடங்கிய கைமுட்டிக்கும் உள்ள தூரம் எவ்வளவோ அவ்வளவு நீளம் முட்டிக்கு மேலே நிற்கும்படி கம்பைச் செங்குத்தாகப் பிடியுங்கள். முட்டியின் மேல்விளிம்பு மரத்தின் மூட்டோடும் கம்பு நுனி உச்சியோடும் பொருந்தும்வரை பின்னால் போங்கள். பொருந்திய இடத்திலிருந்து மரம்வரை உள்ள தூரம்தான் மரத்தின் உயரம். தரை சமமாக இருந்தால்தான் இது சரி. ஆல், புளி போன்ற குடைமரங்களில் நம் பக்கம் நீட்டியிருக்கும் கொப்பு உச்சி மாதிரி ஏமாற்றும், உயரம் கூடுதலாக வரும். இரண்டு மூன்று திசையிலிருந்து எடுத்து, குறைந்ததை நம்புங்கள். நிழலை அளந்து விகிதம் பார்க்கும் முறை வெட்டவெளியில் காலை நேரத்தில் எடுபடும், தோப்பில் எடுபடாது.

பொந்து கண்டால் பயப்படாதீர்கள். மரத்தின் உயிர் பட்டைக்கு அடியில் இருக்கும் மெல்லிய படலத்திலும் அதையொட்டிய வெள்ளைக் கட்டையிலும் ஓடுகிறது. நடுவில் இருக்கும் வைரம் செத்த கட்டை, தாங்குவதற்கு மட்டும். அது அழுகினாலும் மரம் சாகாது. பலம் எவ்வளவு போகும்? வளைவைத் தாங்கும் திறனில் குறைகிற பங்கு, தண்டு விட்டத்தில் பொந்து எத்தனை பங்கு என்பதன் நான்காம் அடுக்கு. விட்டத்தில் பாதி பொந்தானாலும் பதினாறில் ஒரு பங்குதான் குறைகிறது. முக்கால் பொந்தானால் மூன்றில் ஒரு பங்கு போச்சு. பொந்து ஒரு பக்கம் திறந்து வாசல்போல ஆகிவிட்டால் இந்தக் கணக்கு நிற்காது, பலம் இன்னும் வேகமாகக் குறையும். மிச்சச் சுவர் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் கவலைப்படலாம். பொந்தில் சிமெண்டு வைத்து அடைப்பதுபோல ஒரு கெடுதல் கிடையாது. மரம் காற்றில் வளையும், சிமெண்டு வளையாது. இடையில் உராய்ந்து புதிதாகக் கட்டும் கட்டையை அறுக்கும், ஈரத்தை உள்ளே பிடித்துவைத்து அழுகலைக் கூட்டும். அடைத்த இடத்தில் ஆந்தையும் மைனாவும் கிளியும் வீடிழந்ததும் கணக்கில் சேரும்.

மணி விழுங்கும் இலுப்பை

பாபநாசத்திலிருந்து காரையாறு போகும் வழியில் சொரிமுத்து அய்யனார் கோயில். அங்கே நேர்ச்சைக்கு மணி கட்டும் இலுப்பை மரத்துக்கு மணி விழுங்கி மரம் என்றே பெயர். கட்டிய மணி சில ஆண்டுகளில் மரத்துக்குள் போய்விடுகிறது. பக்தர்கள் அதை அய்யனார் ஏற்றுக்கொண்டதாகப் பார்க்கிறார்கள். மரம் வளரும் விதத்தை இதைவிட நன்றாகக் காட்டும் இடம் இந்த மாவட்டத்தில் இல்லை.

மரத்தின் தண்டு கீழிருந்து மேலே இழுபட்டு வளர்வதில்லை. ஆளுயரத்தில் அடித்த ஆணி ஐம்பது வருடம் கழித்தும் ஆளுயரத்திலேயே இருக்கும். உயரம் கொப்பு நுனியில் மட்டும் கூடுகிறது, தண்டு வெளிப்புறமாகப் பருக்கிறது. பட்டைக்கடியில் இருக்கும் படலம் ஆண்டுதோறும் புதுக் கட்டையை அடுக்கும்போது, இடையூறாக இருக்கும் மணியின் ஓரத்தில் உதடுபோலத் தடித்து, இரு பக்கமிருந்தும் நகர்ந்து மூடிக்கொள்கிறது. மரம் காயத்தை ஆற்றுவதில்லை, மூடிவைக்கிறது. உள்ளே இருக்கும் காயம் அப்படியே இருக்கும்.

ஆகவே மணி ஒன்று இரண்டு விழுங்கப்படுவதால் பெரிய மரத்துக்கு ஆபத்து குறைவு. ஆபத்து சுற்றிக் கட்டுவதில் இருக்கிறது. இலையில் தயாராகும் சாப்பாடு பட்டையின் உட்பகுதி வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. தண்டைச் சுற்றி நைலான் கயிறோ கம்பியோ இறுகினால் அந்தப் பாதை அடைபடும். தண்ணீர் வெள்ளைக் கட்டை வழியாக மேலே போய்க்கொண்டே இருப்பதால் மரம் உடனே வாடாது. வேர் பட்டினி கிடந்து, இரண்டு மூன்று வருடத்தில் மொத்தமாகப் படும். மஞ்சள் துணியும் பருத்திக் கயிறும் மழையில் மக்கி அறுந்துவிடும், அந்தக் காலத்து வழக்கத்தில் தீங்கில்லை. இப்போது கட்டும் பளபளப்புத் துணியும் கயிறும் மக்குவதில்லை. நேர்ச்சை இருக்கிறவர்கள் பருத்தியில் கட்டட்டும், தளர்வாகக் கட்டட்டும். கற்பூரமும் விளக்கும் மூட்டிலிருந்து நாலடி தள்ளி. பட்டைமேல் தீ படாவிட்டாலும் சூடு அடிப்படலத்தைக் கொல்லும். வழிந்த எண்ணெய் மண்ணில் ஊறினால் அந்த இடத்தில் தண்ணீர் இறங்காது. பெரிய மரத்தின் உயரத்தில் மலைத்தேனீக் கூடு தொங்கினால் சாம்பிராணிப் புகை போடுவது வம்பை விலைக்கு வாங்குவது.

போகும் நேரம்: ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களில் கோயிலுக்குப் போகலாம், மரம் பார்க்க முடியாது, அவ்வளவு கூட்டம். இலுப்பை இலையுதிர்த்துப் பூக்கும் மாசி, பங்குனியில் மரத்தின் கட்டமைப்பு முழுதும் தெரியும். இரவில் வௌவால்கள் வரும், காலையில் தித்திப்பான பூ தரையில் சிந்திக் கிடக்கும். அதே பூவுக்குக் கரடியும் வரும். ஆகவே காட்டோரத்தில் விடியற்காலை நடை வேண்டாம். இந்த வழி களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. பாபநாசம் சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக்கையும் மதுவையும் சோதித்துத்தான் விடுவார்கள். அனுமதி நேரமும் நாளும் மாறும், கிளம்பும் முன் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆற்றங்கரை மருது

தாமிரபரணிக் கரையில் நிற்கும் நீர்மருதுதான் இந்தச் சீமையின் உண்மையான மூத்த குடி. வெளுத்த வழவழப்பான பட்டை, தகடு தகடாக உரியும். காயில் ஐந்து விளிம்பு. கடனாநதி தாமிரபரணியில் சேரும் இடத்தருகே திருப்புடைமருதூர், நாறும்பூநாதர் கோயில், தலவிருட்சம் மருது. வடக்கே ஸ்ரீசைலம், நடுவே திருவிடைமருதூர், தெற்கே இது என்று மூன்று மருதத் தலங்கள். கோயிலையொட்டிய மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுகின்றன. ஊர்க்காரர்கள் அவற்றைக் காத்த முறையைப் பார்த்துத்தான் 2005-இல் பறவைகள் காப்பிடமாக அறிவித்தார்கள். கூட்டில் குஞ்சு இருக்கும் மாதங்களில் மரத்தடிக்கே போகாமல் படித்துறையில் நின்று பாருங்கள். ஆள் நெருங்கித் தாய்ப்பறவை எழுந்தால் வெயில் குஞ்சின்மேல் நேராக விழும், காகத்துக்கும் வாய்ப்பு.

மருதுக்கு வரும் கேடு இரண்டு விதம். மணல் அள்ளி ஆறு ஆழமானபின் கரை அரித்து வேர் அந்தரத்தில் தொங்குவது ஒன்று. வேர்ப்பின்னலுக்கு அடியில் குகைபோலக் குடைந்திருந்தால் அடுத்த ஐப்பசி வெள்ளத்தில் மரம் போகும். மற்றொன்று மருதம்பட்டை. இதயத்துக்கு நல்லது என்று தேடி வந்து கத்தியால் சுற்றிலும் உரிக்கிறார்கள். மேல்பட்டையை மட்டும் சிறு சதுரமாக, ஒரு பக்கத்தில் எடுத்து, மறுபக்கத்தை அது மூடும்வரை தொடாமல் விட்டால் மரம் தாங்கும். கட்டை தெரிய வளையமாக உரித்தால் முன்பு சொன்ன பட்டினிக் கதைதான். திருநெல்வேலி–தென்காசிச் சாலை நான்கு வழியானபோது போன பெரிய மரங்களுக்கு ஈடாகக் கன்று நடுவோம் என்கிறார்கள். நடட்டும். ஆனால் பொந்து விழுந்த மரம் தரும் வீட்டைக் கன்று தர இன்னும் இரண்டு மூன்று தலைமுறை ஆகும் என்பதைக் கணக்கில் எழுத வேண்டாமா?

மலைக்கு மேலே

களக்காட்டுக்கு மேலே செங்கல்தேரி, மாஞ்சோலைக்கு மேலே கக்காச்சி பக்கம் காடு வேறு. வெடிப்பலா, நாங்கு, பாலி மூன்றும் சேர்ந்து கூரை போட்ட காடு. வெடிப்பலாவை இனம் காண அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. தரையில் விழுந்த இலையைப் புரட்டினால் அடிப்பக்கம் செம்பு நிறத்தில் மினுங்கும். முள்ளுக்காய் பலாவைச் சிறிதாக்கினாற்போல இருக்கும், கொப்பிலேயே ஒட்டிக் காய்க்கும். அதன் பூவும் விதையும் சிங்கவால் குரங்குக்கு முக்கிய உணவு. இந்த மலையோடு ஒட்டி வாழும் செங்குறிஞ்சி இன்னொரு மூத்த மரம். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் செந்துருணி சரணாலயத்துக்கு அதன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

இங்கே கண் பழக நேரமாகும். பருத்த மரம்தான் மூத்தது என்ற எண்ணத்தை அடிவாரத்திலேயே விட்டுவிட வேண்டும். கூரைக்கடியில் வெளிச்சம் கிடைக்காமல் கைப்பருமனில் நிற்கும் மரம் பக்கத்து ராட்சதனைவிட மூத்ததாக இருக்கலாம். மேலே ஒரு பெரிய மரம் விழுந்து வெளிச்சம் திறக்கும் வரை அது காத்திருக்கிறது. விழுந்த மரத்தைக் கண்டால் அவசரமாகத் தாண்டாதீர்கள். வேர்த்தட்டு நிமிர்ந்து கிடக்கும், அதன் ஆழத்தைப் பாருங்கள். அத்தனை உயரத்துக்கு இவ்வளவு மெல்லிய வேர்த்தட்டா என்று தோன்றும். பலகை வேர் எதற்கு என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடக்கிறது. பலகை வேர்மேல் ஏறி நின்று படம் எடுக்க வேண்டாம், பட்டை மெல்லியது, செருப்புத் தேய்ப்பில் உரியும். வனத்துறை ஆள் இல்லாமல் தடம் விட்டு இறங்கவும் வேண்டாம். ஒருவர் மிதித்த சருகு ஒரு வருடத்தில் மூடும், பத்துப் பேர் மிதித்தது வழியாகிவிடும்.

அட்டை தவிர்க்க முடியாதது. நீளக் காலுறையைப் புகையிலை ஊறவைத்த தண்ணீரில் நனைத்துக் காயவைத்துப் போட்டுக்கொள்ளலாம். கடித்துவிட்டால் நகத்தை ஒல்லியான முனைப்பக்கம் வைத்து நெம்பித் தள்ளினால் விடும். உப்புப் பொட்டலத்தைக் காட்டில் கொட்டாதீர்கள், சருகுத் தவளைக்கு அது விஷம். கடிவாயில் ரத்தம் உறையாமல் கசியும், கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

குறித்துக்கொள்ள வேண்டியவை கொஞ்சம்தான்: இடம், தேதி, சுற்றளவு, எந்த உயரத்தில் எடுத்தது, உச்சியில் காய்ந்த கொப்பு உண்டா, மூட்டில் காளான் உண்டா, மண் எப்படி. படம் ஒன்று, பக்கத்தில் ஆள் நிற்க, எங்கிருந்து எடுத்தீர்களோ அந்த இடத்தையும் எழுதி. அடுத்த ஆண்டு அதே இடத்திலிருந்து இன்னொன்று. கவட்டையில் அரசங்கன்று முளைத்திருந்தால் ஊர்க்காரரிடம் சொல்லுங்கள். விரல் பருமனில் இருக்கும்போது பிடுங்கிவிடலாம், கைப்பருமனானால் மரத்தை நெரிக்கத் தொடங்கியிருக்கும்.

சமவெளி மரத்தின் விதை வேண்டுமென்றால் ஊர்க்காரரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளலாம், காப்பகத்துக்குள் இருந்து ஒரு காயும் எடுக்கக் கூடாது. புளியங்கொட்டை வருடக்கணக்கில் தாங்கும், ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு நடலாம். மருதங்காயை இரண்டு நாள் ஊறவைக்க வேண்டும். இலுப்பை விதையைச் சேர்த்துவைத்தால் முளைக்காது. ஆனி, ஆடியில் பழம் விழுந்த கையோடு சதையைக் கழுவி, அந்த வாரமே நாற்றுப் பையில் ஊன்றிவிட வேண்டும்.